டிக் பற்றவைப்பு: வேலைக்கேற்ற கருவி

நம் பட்டறைகளில் ‘ஆர்கான் வெல்டிங்’ என வழங்கும் டிக் பற்றவைப்பைப் பழகத் தொடங்கும் மாணவர், கொக்கியில் தொங்கும் டார்ச்சை அப்படியே எடுத்து வேலையைத் தொடங்குவது வழக்கம். இணைப்பு கருத்துப்போனால் தம் கையையே நொந்துகொள்வார். ஆயினும் குறை பல வேளைகளில் கையில் இல்லை. கருவியைத் தேர்ந்த முறையில்தான் இருக்கிறது. ஆதலின் அத்தேர்வு பற்றிச் சிறிது ஆராய்வோம்.

1941-இல் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தைச் சேர்ந்த ரஸ்ஸல் மெரெடித், எளிதில் தீப்பற்றும் மக்னீசியத்தை இணைக்க இம்முறையை உருவாக்கினார். டங்ஸ்டன் முனையில் மின்வில் எரியும். மந்த வாயு அதைச் சூழ்ந்து காற்றைத் தடுக்கும். டங்ஸ்டன் உருகச் சுமார் 3400 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். எனவே டார்ச்சின் கடமைகள் மூன்று: மின்சாரத்தைக் கொண்டு செல்வது, வாயுவைச் செலுத்துவது, வெப்பத்தைத் தாங்குவது. அதன் ஒவ்வோர் உறுப்பையும் இம்மூன்றையும் கருதியே தேர வேண்டும்.

முதலில் உடல். காற்றால் குளிரும் 9-ஆம் எண் டார்ச் சுமார் 125 ஆம்பியரும், 17-ஆம் எண் 150-உம், 26-ஆம் எண் 200-உம் தாங்கும். நீரால் குளிரும் 20-ஆம் எண் கைக்கு அடக்கமாயினும் 250 வரை தாங்கும். 18-ஆம் எண் 350 வரை தாங்கும். இவ்வளவும் நேர்மின்னோட்டத்திற்கே, மாறுமின்னோட்டத்தில் அளவு குறையும். ‘60 விழுக்காடு’ என்று குறித்திருந்தால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடமே அந்த மின்னோட்டத்தில் எரிக்கலாம் என்பது பொருள். 9, 20 ஆகிய இரண்டின் உள்ளுறுப்புகள் ஒரே வகை. 17, 18, 26 ஆகியவற்றினுடையவை வேறு வகை. ஒன்றின் உறுப்பு மற்றதில் பொருந்தாது. வாங்குமுன் இதை நினைவிற்கொள்க.

அடுத்து டங்ஸ்டன் கம்பி. நேர்மின்னோட்டத்தில் 1.6 மில்லிமீட்டர் கம்பி 70 முதல் 150 ஆம்பியர் வரையும், 2.4 மில்லிமீட்டர் கம்பி 150 முதல் 250 வரையும் ஏற்கும். கம்பி மெலிந்தால் முனை உருகி இணைப்பில் விழும். தடித்தால் வில் அலையும். காலட்டும் காலட் பாடியும் கம்பியின் அளவினவாகவே இருத்தல் வேண்டும். பிடி தளர்ந்தால் மின்சாரம் சரியாகப் பாயாமல் அவ்விடமே சூடேறும்.

கப்பின் எண் வாய் அகலத்தை அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்காகக் காட்டும். 8-ஆம் எண் கப்பின் வாய் அரை அங்குலம். காலட் பாடிக்குப் பதிலாகக் கேஸ் லென்ஸ் மாட்டினால், அதன் நுண்சல்லடை வாயுவைச் சுழிக்காமல் சீராக விடும். கம்பியையும் சற்று வெளியே நீட்டலாம். மூலை முடுக்குகளில் இது பேருதவி.

இரண்டு வேலைகளைக் கொண்டு இதனைப் பார்ப்போம். பால் செல்லும் மெல்லிய துருவேறா எஃகுக் குழாய்க்கு 60 ஆம்பியர் அளவே போதும். 9-ஆம் எண் டார்ச், 1.6 கம்பி, கேஸ் லென்ஸ், நேர்மின்னோட்டம் என அமைத்துக்கொள்ளலாம். குழாயின் உள்ளேயும் ஆர்கானை நிரப்புதல் வேண்டும். இல்லையேல் உட்புறம் கருகிக் கரடாகும், அக்கரட்டில் கிருமி தங்கும். இங்கே பிழையின் விலையைக் கொடுப்பவர் பால் அருந்தும் குழந்தை.

மூன்று மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வேறு வகை. அதன் மேலுள்ள ஆக்சைடுப் படலம் 2000 பாகைக்கு மேல்தான் உருகும். அலுமினியமோ 660 பாகையிலேயே உருகிவிடும். படலத்தை நீக்க மாறுமின்னோட்டம் வேண்டும். அது டங்ஸ்டனை மிகவும் சூடாக்குமாதலின், 2.4 கம்பியும் 26 அல்லது 20-ஆம் எண் டார்ச்சும் ஏற்றவை.

உடல்நலத்தையும் மறத்தலாகாது. சிவப்பு முனையுள்ள கம்பியில் கதிரியக்கமுள்ள தோரியம் உண்டு. அதைத் தீட்டும்போது எழும் தூளைச் சுவாசித்தல் தீது. லாந்தனம் கலந்த பொன்னிற அல்லது நீலமுனைக் கம்பி அவ்வேலையை நன்கு செய்யும். மேலும் ஆர்கான் காற்றினும் கனமானது; தொட்டிக்குள் தேங்கினால் மூச்சுக்காற்றை அகற்றி ஓசையின்றி உயிரைப் பறிக்கும். காற்றோட்டமின்றி உள்ளே இறங்கற்க.

எந்த உலோகம், எவ்வளவு கனம், எத்தகைய இடம் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்டபின் டார்ச்சைத் தொடுவோமாக. வேலை முன்னே, கருவி பின்னே என்பதே பட்டறையின் முதற்பாடம்.