அறக்கட்டளையும் விண்ணப்பமும்

ஈதலைப் போற்றிய நம் முன்னோர் இரத்தலின் இயல்பையும் ஆராயாது விட்டாரல்லர். திருக்குறளில் 106-ஆம் அதிகாரம் இரவு என்றும், 107-ஆம் அதிகாரம் இரவச்சம் என்றும் அடுத்தடுத்து நிற்றல் காண்க. கேட்கத் தகும் இடமும் உண்டு. கேட்டற்கு அஞ்சத் தகும் இடமும் உண்டு என்பது இவ்வைப்பு முறையால் விளங்கும். புறநானூற்று 208-ஆம் பாட்டிலே, அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரிற் காணாமலே அளித்த பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுக்கின்றார். தகுதியை அறிந்து தருவது சிறிதாயினும் அதுவே இனிது என்பது அப்புலவர் கருத்து. கொடுப்போன் அறிந்து கொடுத்தலும், பெறுவோன் தன்னை அறிவித்துப் பெறுதலும் ஆகிய இவ்விரண்டும் சேர்ந்த இடத்திலேதான் பரிசில் பெருமையுடையதாகின்றது.

இக்காலத்தில் அவ்வள்ளல்களின் இடத்தில் நிற்பன தனியார் அறக்கட்டளைகள். செல்வர் ஒருவரோ ஒரு குடும்பத்தாரோ ஒரு முதற்பொருளை ஒதுக்கி, அதன் வருவாயைப் பொதுநன்மைக்கே செலவிடுமாறு ஆவணம் எழுதிப் பொறுப்பாளரை அமர்த்தி வைப்பதே அறக்கட்டளையாம். நம் நாட்டில் ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892-ஆம் ஆண்டில் உயர்கல்விக்கென ஏற்படுத்திய நிதியும், 1919-இல் தோன்றிய சர் ரத்தன் டாட்டா அறக்கட்டளையும், 1932-இல் தோன்றிய சர் தொராப்ஜி டாட்டா அறக்கட்டளையும் இவ்வகையின. அமெரிக்க நாட்டில் 1913-இல் ராக்பெல்லர் பவுண்டேஷனும், 1936-இல் போர்டு பவுண்டேஷனும் நிறுவப்பட்டன. இவற்றினிடம் பொருளுதவி வேண்டி விண்ணப்பிக்கும் முறை யாது, அதில் கருத வேண்டியவை யாவை என்பதை நம் கம்பம் பள்ளத்தாக்கின் எடுத்துக்காட்டு ஒன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

வருஷநாட்டு மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே, முல்லைப் பெரியாற்று நீரால் வளம்பெற்றுக் கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. நெல்லும் வாழையும் திராட்சையும் விளையும் இவ்விடத்தில் நிலமற்ற உழவர் பலர். விடியுமுன்னே ஜீப்புகளில் ஏறி மலைமேலுள்ள ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்வோர் அநேகர். இத்தகையோருக்குக் கண்புரை மூடிப் பார்வை கெடுமாயின் கெடுவது பார்வை மட்டுமன்று. அன்றாடக் கூலியும் போகும். அவரைக் கைப்பிடித்து நடத்த வேண்டிய மகனுடைய கூலியும் போகும்.

இக்குறையைத் தீர்க்க முன்வந்த நிலையங்களுள் ஒன்று அரவிந்த் கண் மருத்துவமனை. அரசாங்க மருத்துவப் பணியினின்று ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ஆம் ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளோடு இதனைத் தொடங்கினார். வாதநோயால் கைவிரல்கள் கோணிய நிலையிலும் அறுவை மருத்துவத்தைப் பயின்று தேர்ந்தவர் அவர். தொடக்கத்தில் கடன் எளிதிற் கிட்டவில்லை. குடும்பத்தார் தம் உடைமைகளை ஈடுவைத்துப் பணம் திரட்டினர். கட்டணம் செலுத்தக் கூடியவரிடம் பெற்ற வருவாயால் செலுத்த இயலாதாருக்கும் மருத்துவம் செய்வது என்னும் முறையை அவர்கள் முதலிலேயே கைக்கொண்டனர். அந்நாளில் மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த தேனியில் 1985-ஆம் ஆண்டில் 100 படுக்கைகளுடன் கிளை மருத்துவமனை ஏற்பட்டது.

இம்மருத்துவமனைக்கு வெளிநாட்டு அறநிலையங்களும் உதவின. ஆயினும் அவற்றினிடம் எதனைக் கேட்டனர் என்பதே நாம் உற்று நோக்கத்தக்கது. கண்புரையை அகற்றியபின் கண்ணுள் வைக்கும் செயற்கை லென்சு அந்நாளில் அயல்நாட்டிலிருந்தே வரவேண்டும். அதன் விலையோ ஏறத்தாழ 100 டாலர். தொடக்கத்தில் லென்சுகளையே நன்கொடையாகப் பெற்றனர். அவ்வாறே ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் அமெரிக்காவில் 1978-இல் தோன்றிய சேவா பவுண்டேஷன் முதலியோரின் துணையோடு, லென்சு செய்யும் தொழில்நுட்பத்தையே பெற்று, 1992-ஆம் ஆண்டில் மதுரையில் ஆரோலேப் என்னும் தொழிற்சாலையை நிறுவினர். லென்சின் விலை ஏறத்தாழ 10 டாலர் அளவுக்கு இறங்கியது. நன்கொடை லென்சு ஒரு கண்ணுக்கு ஒளி தரும்; நன்கொடையால் எழுந்த தொழிற்சாலையோ கொடுத்தவர் கை ஓய்ந்த பின்னும் ஒளி தந்துகொண்டே இருக்கும். உதவி நின்ற பின்னும் எது நிற்குமோ அதனைக் கேட்பதே சிறந்த விண்ணப்பம் என்பது இதனால் நாம் பெறும் பாடம்.

நிற்க. விண்ணப்பத்தின் உறுப்புக்களை இனி முறையே காண்போம்.

முதலாவது, விண்ணப்பிப்பவர் யார் என்பது. தனி மாணவர் ஒருவர் மேற்படிப்புக்கு உதவி நாடலாம். மேலே கூறிய 1892-ஆம் ஆண்டின் டாட்டா நிதி வெளிநாட்டுக் கல்விக்குக் கடனாகவே உதவித்தொகை அளிப்பது. ஊர்ப் பணிகளுக்கோ, பெரும்பாலான அறக்கட்டளைகள் பதிவு பெற்ற அமைப்புக்கே பொருள் தரும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளை ஆவணமாகவோ, 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்படி மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகவோ பதிவு செய்துகொள்ளலாம். வருமான வரிச் சட்டத்தின்கீழ்ப் பெறும் பதிவுகளும், தணிக்கை செய்த கணக்கும் வேண்டப்படும். அயல்நாட்டுப் பணம் பெறுவதற்கு 2010-ஆம் ஆண்டின் அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மத்திய அரசின் பதிவோ முன்னனுமதியோ இன்றியமையாதது. 2020-இல் செய்த திருத்தத்தின்படி அப்பணம் முதலில் புதுடில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையின் கணக்கிலேயே சேரவேண்டும். ஒரு நிறுவனம் பெற்றதை மற்றொரு நிறுவனத்துக்கு மாற்றித் தருதல் கூடாது. நிர்வாகச் செலவு நூற்றுக்கு 20-ஐக் கடத்தலும் ஆகாது. ஆகவே பதிவில்லாத ஊர்ச்சங்கம் அயல்நாட்டை நோக்குவதை விட்டு, உள்நாட்டு அறக்கட்டளைகளை நாடுவதே அறிவுடைமை. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், குறித்த அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டுமெனப் பணிப்பதால், அவ்வழியிலும் உதவி கிடைத்தல் கூடும்.

இரண்டாவது, கேட்கும் இடம். ஒவ்வோர் அறக்கட்டளைக்கும் அதனை நிறுவியவர் வகுத்த நோக்கம் உண்டு. கல்விக்கே தருவது உண்டு. மருத்துவத்துக்கே தருவது உண்டு. கட்டடத்துக்குத் தாராதது உண்டு. குறித்த மாநிலங்களுக்கு மட்டும் தருவதும் உண்டு. இவற்றை அறியாது ஒரே கடிதத்தை இருபது இடங்களுக்கு அனுப்புதல், வழி கேளாது காட்டிற் புகுந்து திரிவதை ஒக்கும். அவ்வறக்கட்டளை முன்பு யார் யாருக்கு, எவ்வளவு, எதற்காக அளித்தது என்பதை அதன் ஆண்டறிக்கையிற் படித்தறிந்து, இரண்டு பக்கங்களுக்கு மேற்படாத முன்கடிதம் ஒன்று எழுதி, இசைவு தெரிந்த பின்னரே விரிவான விண்ணப்பம் அனுப்புதல் நன்று.

மூன்றாவது, குறையை எடுத்துரைத்தல். இதுவே விண்ணப்பத்தின் உயிர். "எங்கள் ஊர் ஏழை ஊர், உதவுங்கள்" என்பது குறையுரை ஆகாது. எண்ணியும் கேட்டும் அறிந்ததே குறையுரை. இலவசக் கண் முகாம்கள் ஊர்தோறும் நடந்துவந்த காலத்திலே, தென்தமிழகச் சிற்றூர்களிற் செய்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணில் குறையுடையோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேரே முகாமுக்கு வந்தனர் எனக் கண்டது. வழிச்செலவு, இழக்கும் கூலி, துணைக்கு ஆளின்மை, அச்சம் முதலியன மற்றையோரைத் தடுத்தன. முகாம் இல்லாமை குறையென்று நினைத்திருந்தோருக்கு, முகாமுக்கும் மக்களுக்கும் இடையே உள்ள தொலைவே குறையென்பது இங்ஙனம் புலனாயிற்று. குறையைச் சரிவர அறியாதவன் பத்து முகாம்களுக்குப் பணம் கேட்டிருப்பான்.

நான்காவது, செய்யும் முறை. மேற்சொன்ன குறைக்கு ஏற்ற முறையாக 2004-ஆம் ஆண்டு முதல் அரவிந்த் மருத்துவமனை ஊர்களிலேயே சிறு கண் பரிசோதனை நிலையங்களை ஏற்படுத்தியது. போடிநாயக்கனூர், சின்னமனூர், பெரியகுளம், ஆண்டிப்பட்டி முதலிய ஊர்களின் நிலையங்கள் தேனி மருத்துவமனையோடு இணைக்கப்பெற்றன. பயிற்சி பெற்ற பெண் ஒருவர் நோயாளியின் கண்ணைச் சோதிக்க, தேனியில் அமர்ந்த மருத்துவர் அதனைத் திரையிற் கண்டு, நோயாளியோடு பேசி, தக்கது கூறுவார். இதற்கு வேண்டிய நெடுந்தொலைவுக் கம்பியில்லாத் தொடர்பைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பெர்க்கிலி ஆராய்ச்சியாளரும் இன்டெல் நிறுவனத்தாரும் அமைத்துத் தந்தனர். கருவியும் அறிவும் வெளியிலிருந்து வந்தன; பணிபுரியும் கை உள்ளூர்க் கையாக இருந்தது. சிறு கட்டணமும் மூக்குக்கண்ணாடி விற்பனையும் அன்றாடச் செலவைத் தாங்க வேண்டும் என்பது ஏற்பாடு.

ஐந்தாவது, வரவு செலவுத் திட்டம். ஒருமுறை செலவு வேறு. ஆண்டுதோறும் வரும் செலவு வேறு. இரண்டையும் பிரித்தெழுதி, நம் பங்கு இவ்வளவு, ஊரார் பங்கு இவ்வளவு, வேண்டும் பங்கு இவ்வளவு எனக் காட்டுதல் வேண்டும். கேட்பவன் தன் கையிலிருந்து ஒன்றும் இடானாயின், கொடுப்பவன் எதனை நம்பி இடுவான்? நம் பங்கு பணமாகவே இருக்க வேண்டுவதில்லை. இடமும் உழைப்பும் பங்கேயாம். எண்ணிக்கையைக் கூட்டிக் கேட்டால் குறைத்தாவது கிடைக்கும் என்று எண்ணுவாரும் உளர். அது சந்தைப் பேரம், விண்ணப்பத்திற் செல்லாது. பல விண்ணப்பங்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு மிகைத்த எண் உடனே தெரியும்; ஓரிடத்தில் நம்பிக்கை போயின் எல்லா இடத்தும் போகும்.

ஓர் உதாரணம் கூறுவோம். உத்தமபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில், தோட்ட வேலைக்குச் செல்வோரின் பிள்ளைகளுக்கென இளைஞர் சிலர் மாலைப் படிப்பகம் தொடங்க விரும்புவதாக வைத்துக்கொள்வோம். "கல்வியில் பின்தங்கிய எங்கள் பகுதியை முன்னேற்ற நிதி வேண்டுகிறோம்" என்று எழுதினால் படிப்போர்க்கு ஒன்றும் விளங்காது. "எங்கள் தெருவில் பள்ளிப் பிள்ளைகள் 40 பேர். பெற்றோர் திரும்புமுன் இவர்கள் பள்ளியினின்று வீடு வந்துவிடுகின்றனர். அவ்விரண்டு மணி நேரம் இவர்களுக்கு வெளிச்சமுள்ள இடமும் சொல்லித்தருவாரும் இல்லை. ஊர்ச் சாவடியை ஊரார் தருகின்றனர், கல்லூரி மாணவர் நால்வர் முறைவைத்துக் கற்பிப்போம், விளக்கும் பலகையும் நூல்களும் அலமாரியும் வேண்டும், மின்கட்டணத்தை ஊரார் ஏற்பர்" என்று எழுதின், கொடுப்பவர் அந்தச் சாவடியைத் தம் கண்ணாற் கண்டவராவார். விண்ணப்பம் சிறுத்தது, ஆனால் தெளிந்தது. ஓர் ஆண்டு கழிந்தபின் எத்தனை பிள்ளைகள் தொடர்ந்து வந்தனர், எத்தனை பேர் தடையின்றிப் படிக்கக் கற்றனர் என்று அளந்து காட்டுவோம் எனவும் அதிற் கூறல் வேண்டும்.

ஆறாவது, பெற்றபின் செய்வது. குறித்த காலத்தில் அறிக்கையும், தணிக்கையாளர் சான்றிட்ட செலவுக் கணக்கும் அனுப்புதல் கடன். ஒரு தலைப்பிற் பெற்ற பணத்தை மற்றொரு தலைப்பில், அது எவ்வளவு நல்ல காரியமாயினும், இசைவு பெறாமற் செலவிடலாகாது. நினைத்தது நிறைவேறவில்லையாயின் அதனையும் மறையாது எழுதுதல் வேண்டும்.

விண்ணப்பம் மறுக்கப்படின் மனந்தளரல் ஆகாது. கம்பம் பள்ளத்தாக்கையும் அதற்கப்பாலும் வளப்படுத்தும் பெரியாற்றுத் திட்டமே இதற்குச் சான்று. அது அரசாங்கத் திட்டமேயன்றி அறக்கட்டளைப் பணியன்று. எனினும் படிப்பினை ஒன்றே. சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்பர் 1789-இல் ஆட்களை அனுப்பி மலையை ஆராயச் செய்தார். 1808-இல் கால்டுவெல் என்னும் படைத்தலைவர் ஆராய்ந்து, ஆகாத காரியம் என்று அறிவித்தார். 1882-இல் பென்னிகுவிக் புதிய அளவைகளோடும் மதிப்பீட்டோடும் திட்டத்தைத் திருத்தி வகுத்தார். அணை 1895-இல் முடிந்தது. மறுக்கப்பட்ட அதே எண்ணம், அளவும் கணக்கும் திருந்தியபோது ஏற்கப்பட்டது. மறுப்புக் கடிதம் வரின், குறை எங்கே என்று பணிவோடு வினவி, திருத்தி, மீண்டும் எழுதுவதே தக்கது.

இவ்வளவும் கூறியதால், பணமிருந்தால் எல்லாம் ஆகும் என்பது நம் கருத்தன்று. பிறர் பொருளையே நம்பி எழுந்த பணி அப்பொருள் நின்ற அன்றே விழும். விழும்போது ஊராரின் நம்பிக்கையையும் உடன் கொண்டுபோகும். அடுத்து வருவார் அவ்வூரில் நல்லதொன்று தொடங்கினும் கேட்பார் இரார். ஆதலின் விண்ணப்பத்தாளை எடுக்குமுன் நம்மை நாமே மூன்று கேள்வி கேட்டல் வேண்டும்: இக்குறையை நாம் எண்ணி அறிந்தோமா? இதில் நாம் இடும் பங்கு யாது? உதவி நின்ற மறுநாள் எது நிற்கும்? இம்மூன்றற்கும் விடையுடையார் இரப்பவராகார்; பொதுப்பணியில் கொடுப்பவரோடு சேர்ந்த பங்காளியாவர்.

மாணவ நண்பர்காள்! நம்முள் பலர் விடுமுறையில் சிற்றூர்களுக்கே திரும்புகின்றோம். எழுதத் தெரிந்தவரை ஊரார் தேடி வருவர். பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகூறிய ஆற்றுப்படைத் துறையைப் பாடமாகப் படிக்கும் நாம், அவ்வூரார்க்கு ஒரு தெளிந்த விண்ணப்பம் எழுதிக் கொடுப்போமாயின், கற்ற கல்வி அவர்க்கும் பயன்படும்.