வாய்ப்பாடு நினைவில் நில்லாத குழந்தையும் கணக்குக் கற்கும்

பள்ளிக்குக் கட்டடம் எழுப்புவதும் சுற்றுச்சுவர் அமைப்பதும் ஊருக்குப் பெருமை தரும் பணிகளே. எனினும், அக்கட்டடத்தினுள் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு குழந்தையும் கற்கின்றதா என்று கவனிப்பதும் ஊராரின் கடமையேயாகும். ஏழாம் வாய்ப்பாட்டை இன்று ஒப்பித்து, நாளையே மறந்துவிடும் குழந்தைகள் உண்டு. “இதற்குப் படிப்பு ஏறாது” என்னும் ஒரு சொல்லால் அக்குழந்தையின் படிப்பு நின்று, ஆடு மேய்க்கும் கோல் கைக்கு வந்துவிடுகிறது. கூலிக் கணக்கும் எடைக் கணக்கும் அறியாமல் வளர்பவர், பிறர் சொல்லும் தொகையை நம்பியே வாழ்நாள் முழுவதும் கை நீட்ட வேண்டியவராகின்றார். இதனைத் தவிர்க்கும் வழிகளை இங்கே காண்போம்.

மறதி வேறு, அறியாமை வேறு

ஒரு கணக்கை மனத்தால் போடும்போது, எண்களையும் இடையில் வரும் விடைகளையும் சிறிது நேரம் மனத்தில் தாங்கி நிற்க வேண்டும். இதற்குச் ‘செயல்நினைவு’ என்று பெயர். பேட்லி, ஹிட்ச் என்னும் உளவியலறிஞர்கள் 1974-ஆம் ஆண்டில் இதன் அமைப்பை விளக்கினர். சில குழந்தைகளுக்கு இவ்விடம் குறுகியது. சிறிய களத்தில் பெரிய போரை ஒரே நேரத்தில் பரப்பி அடிக்க இயலாது. சிறிது சிறிதாக அடித்தால் தானியம் முழுவதும் வீடு வந்து சேரும். கற்பித்தலும் அவ்வாறே அமைதல் வேண்டும்.

கற்பிக்கும் முறை

முதலாவதாக, கணக்கைக் கையில் கொடுத்தல் வேண்டும். 43-இலிருந்து 17-ஐக் கழிக்க, ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, நான்கு கட்டுகளும் மூன்று தனிக் குச்சிகளும் கொடுங்கள். மூன்றிலிருந்து ஏழு எடுக்க இயலாது. ஆகவே ஒரு கட்டை அவிழ்த்தால் தனிக் குச்சிகள் 13 ஆகும். ஏழு போக ஆறு, மீந்த மூன்று கட்டுகளில் ஒன்று போக இரண்டு, விடை 26. ‘கடன் வாங்குதல்’ என்பதன் பொருள் அப்போது கண்ணுக்கே புலனாகும். பின்னர் அதனைப் படமாக வரையச் செய்து, இறுதியில் எண்ணாக எழுதச் செய்க.

இரண்டாவதாக, ஒவ்வொரு படியையும் எழுதச் செய்தல் வேண்டும். தாளில் எழுதியதை மனம் சுமக்க வேண்டுவதில்லை. கட்டளைகளையும் ஒரு நேரத்தில் ஒன்றாகவே கூறுக.

மூன்றாவதாக, தெரிந்த வாய்ப்பாட்டிலிருந்து தெரியாததைக் கட்டுதல் வேண்டும். வரிசைக்கு எட்டு நாற்றாக ஏழு வரிசை நட்டால் எத்தனை? ஐந்து வரிசைக்கு 40, இரண்டு வரிசைக்கு 16, ஆக 56. இரண்டு, ஐந்து, பத்து ஆகிய வாய்ப்பாடுகள் அறிந்த குழந்தை மற்றவற்றைத் தானே கண்டுபிடிக்கலாம்.

நான்காவதாக, இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்டல் வேண்டும். கற்றவை எவ்வளவு விரைவில் மறைகின்றன என்பதை எபிங்காஸ் என்னும் ஜெர்மன் அறிஞர் 1885-ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டினார். மிளகாய்ச் செடிக்கு ஒரே நாளில் ஒரு மாதத் தண்ணீரை யாரும் பாய்ச்சுவதில்லை. இன்று கற்றதை நாளையும், மூன்று நாள் கழித்தும், அடுத்த வாரமும் பத்து நிமிடம் கேட்டாலே போதும்.

அடித்தலும் அவசரப்படுத்தலும் கூடா. அச்சம் குறுகிய இடத்தையும் அடைத்துக்கொள்ளும். பள்ளியில் குழந்தையை அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துள்ளது.

இம்முறையால் மறதி முற்றிலும் நீங்கிவிடும் என்று கருதலாகாது. சில குழந்தைகளுக்கு வாய்ப்பாட்டு அட்டை நெடுநாள் தேவைப்படலாம். அதில் இழுக்கு ஒன்றுமில்லை.

ஊரார் செய்ய வேண்டுவன

முதற்கண், குழந்தையின் பார்வையையும் செவியையும் சோதிக்கச் செய்க. பின்னர், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர்களிடம் அழைத்துச் செல்க. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்றுக்கொண்டு, அதனை விரைவில் கண்டறிந்து தக்க முறையில் கற்பிக்க வேண்டும் என்றும், தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் அளிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. ஊராட்சி உறுப்பினர்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், “கணக்கில் பின்தங்கிய குழந்தைகள் எவர்? அவர்களுக்கு என்ன செய்யப்படுகிறது?” என்று தவறாது கேட்பாராக.

விவசாயப் பெருமக்களே! களத்தில் மூட்டை எண்ணும்போதும் சந்தையில் எடை போடும்போதும் உங்கள் குழந்தையை அருகில் நிறுத்தி எண்ணச் சொல்லுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள்.