விளையாட்டில் நெஞ்சிலும் வயிற்றிலும் அடிபட்டால்

அஸருக்குப் பிறகு கால்பந்து ஆடப்போன பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பினால், தைலம் தடவிப் படுக்க வைக்கிறோம். வெளியே காயம் இல்லையென்றால் உள்ளேயும் இல்லை என்று எண்ணிவிடுகிறோம்.

2006-ல் அமெரிக்கக் கால்பந்து வீரர் கிறிஸ் சிம்ஸ், பலமாக அடிபட்ட பின்னும் தொடர்ந்து ஆடினார். அவருடைய மண்ணீரல் கிழிந்திருந்தது. அன்றிரவே அதை அறுவை செய்து அகற்றினார்கள்.

மண்ணீரல் இடப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில் உள்ளது. அது கிழிந்தால் இரத்தம் வயிற்றுக்குள் கசியும்; அடிபடாத இடது தோளும் வலிக்கலாம்.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. மூச்சு வாங்குதல், இருமலில் இரத்தம், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தும் வலி.
2. கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இறுகிய வயிறு, வாந்தி.
3. வெளிறிய முகம், குளிர்ந்த வியர்வை, வேகமான நாடி, மயக்கம்.
4. சிறுநீரில் இரத்தம்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழைப்போம். வயிற்றை நீவக் கூடாது. அறுவை தேவைப்படலாம் என்பதால் உணவோ தண்ணீரோ தர வேண்டாம்.

நெஞ்சில் பந்து பட்டு விழுந்த பிள்ளைக்கு உணர்வும் மூச்சும் இல்லையென்றால், இதயம் நின்றிருக்கலாம். ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றவர் நடுநெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது.

சிலருக்கு மண்ணீரல் கசிவு சில நாட்கள் கழித்தும் தெரியவரும். வீட்டில் ஏசுவார்களோ என்று பிள்ளைகள் வலியை மறைப்பதுண்டு. அடிபட்டதைச் சொன்னால் ஏச மாட்டோம் என்று இன்றே அவர்களிடம் சொல்லி வைப்போம்.