இருட்டறையில் ஐந்து நிமிடங்கள்

பல்வலி என்று பல் மருத்துவரிடம் செல்கிறோம். அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார். பல்லின் மேற்பகுதி அவருக்குத் தெரிகிறது. ஆனால், ஈறுகளுக்குள் மறைந்திருக்கும் வேரையும் தாடை எலும்பையும் ஊடுகதிர்ப் படம்தான் காட்டும். இன்று அந்தப் படம் சில நொடிகளில் கணினித் திரையில் தோன்றிவிடுகிறது. கணினி வருவதற்கு முன்பு, ஒவ்வொரு படமும் ஒரு சிறிய இருட்டறையில், ஓர் உதவியாளரின் கைகளில் உருவானது.

ஜெர்மானிய அறிவியலாளர் ரோண்ட்கன் 1895-ஆம் ஆண்டு நவம்பரில் ஊடுகதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த சில வாரங்களிலேயே, ஜெர்மனியைச் சேர்ந்த பல் மருத்துவர் வால்காஃப் தம் பற்களைப் படம் எடுத்தார். அதற்காக அவர் 25 நிமிடம் கதிரின் முன் அசையாமல் இருந்தார். அமெரிக்கப் பல் மருத்துவர் கெல்ஸ், தம் கையையே பலமுறை கதிரில் காட்டிக் கருவியைச் சரிபார்த்தார். அதனால் அவர் முதலில் விரல்களையும், பின்னர் கையையும் இழந்தார். தேவைக்கு மேல் ஒரு முறைகூட உடலில் கதிர் படக்கூடாது என்ற பாடத்தை உலகம் இப்படித்தான் கற்றது.

பல் படத்துக்கான பிலிம், தபால்தலையைவிடச் சற்றுப் பெரியது. அதன்மேல் வெள்ளி புரோமைடு என்னும் நுண்ணிய படிகங்கள் பூசப்பட்டிருக்கும். வெளிச்சம் புகாதபடி, கறுப்புத் தாளுக்குள் வைத்து அதனை உறையிட்டிருப்பார்கள். கதிர் பட்ட படிகங்கள் மாற்றம் அடையும். ஆயினும், அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. அந்நிலையில் சிறிது வெளிச்சம் பட்டாலும் படம் முழுவதும் கறுத்துவிடும். ஆகவே, மங்கிய சிவப்பு விளக்கு மட்டுமே எரியும் இருட்டறையில்தான் உறையைப் பிரிக்க வேண்டும்.

உதவியாளர் பிலிமின் ஓரத்தை மட்டும் பிடித்து, கம்பிச் சட்டத்தின் கவ்வியில் மாட்டுவார். சட்டத்தில் நோயாளியின் பெயரை எழுதி வைப்பார். பெயர் மாறினால், ஒருவருடைய படத்தைப் பார்த்து மற்றொருவருடைய பல்லைப் பிடுங்கும் ஆபத்து உண்டு அல்லவா? பின்னர், முதல் தொட்டியில் உள்ள உருத்துலக்கும் கரைசலில் பிலிமை மூழ்கவைப்பார். கதிர் பட்ட படிகங்கள் அங்கே கரிய வெள்ளித் துகள்களாக மாறும். கதிரைத் தடுத்த கெட்டியான பல் படத்தில் வெண்மையாகவும், கதிர் எளிதாக ஊடுருவிய சொத்தைப் பகுதி கருமையாகவும் தெரியும்.

கரைசல் 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருந்தால், இதற்கு 5 நிமிடம் தேவை. 27 பாகையில் ஏறத்தாழ இரண்டரை நிமிடமே போதும். நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் வெப்பமானியைப் பார்க்காமல் வேலை செய்தால், படம் கறுத்துப்போகும். அவசரப்பட்டு முன்னதாக எடுத்தாலோ படம் வெளிறிவிடும். இரண்டு பிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், ஒட்டிய இடத்தில் படம் சரியாக உருவாகாது. இத்தகைய படத்தைக் கொண்டு மருத்துவரால் நோயை அறிய முடியாது. நோயாளி மீண்டும் நாற்காலியில் அமர வேண்டும். மீண்டும் அவர்மீது கதிர் பட வேண்டும். தவறு இருட்டறையில் நடந்தாலும், அதன் விளைவை ஏற்பவர் நோயாளியே.

அடுத்து, பிலிமை நீரில் அலசி, நிலைநிறுத்தும் கரைசலில் 10 நிமிடம் வைப்பார்கள். கதிர் படாத படிகங்கள் அதில் கரைந்து நீங்கும். பின்னர், ஓடும் நீரில் சுமார் 20 நிமிடம் கழுவி உலர்த்துவார்கள். "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று இந்த நேரத்தைக் குறைத்தால், அன்று தெளிவாக இருக்கும் படம் சில ஆண்டுகளில் பழுப்பேறிவிடும். பழைய படத்தோடு புதிய படத்தை ஒப்பிட விரும்பும் மருத்துவருக்கு அது பயன்படாது.

நல்ல உதவியாளர் தம் அறையையும் சோதிப்பார். உறை பிரித்த பிலிமின்மேல் ஒரு நாணயத்தை வைத்து, சிவப்பு விளக்கின் கீழ் சில நிமிடம் விட்டு, பிறகு உருத்துலக்குவார். நாணயத்தின் வடிவம் பிலிமில் தெரிந்தால், விளக்கு பாதுகாப்பானதாக இல்லை அல்லது அறைக்குள் எங்கோ வெளிச்சம் கசிகிறது என்று பொருள்.

இருட்டறைகள் இன்று குறைந்து வருகின்றன. எனினும், யாரும் பார்க்காத இடத்தில் பொறுமையோடு ஒருவர் செய்த வேலை, முகம் தெரியாத இன்னொருவரின் உடல்நலத்தைக் காத்தது. அந்தப் பொறுப்புணர்ச்சி எல்லாத் தொழிலுக்கும் தேவையானதே.

சிந்தித்து விடையளி

1. பிலிம் உறையை இருட்டறையில் பிரிப்பதற்குக் காரணம் யாது?
2. கரைசலின் வெப்பத்தைக் கவனிக்காவிட்டால் நோயாளிக்கு ஏற்படும் பாதிப்பை விளக்குக.
3. பிறர் கண்ணில் படாமல் பொறுப்போடு செய்யப்படும் வேறு ஒரு பணியைப் பற்றி ஒரு பத்தி எழுதுக.