சூரைச்செடியிலிருந்து ஓரேப் வரை
(வேதபாடம்: 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரம்)



மனம் சோர்ந்திருக்கிற ஒரு விசுவாசியைப் பார்த்து, "என்ன சிஸ்டர், சரியா ஜெபிக்கிறதில்லையா?" என்று கேட்டுவிடுகிறோம். அவர்களும் குற்ற உணர்வோடு இன்னொரு உபவாசம் இருக்கிறார்கள். சோர்வு மட்டும் போகிறதில்லை. இப்படிப்பட்டவர்களைத் தேவன் எப்படி நடத்தினார் என்று பார்ப்போம்.

1. தேவன் முதலில் சரீரத்தைக் கவனித்தார்

கர்மேலில் அக்கினி இறங்க ஜெபித்த எலியா, யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடினான். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, செத்தால் போதும் என்றான். தேவன் அவனைத் திட்டவில்லை, தூங்கவிட்டார். தூதனை அனுப்பி 2 தரம் சாப்பிட வைத்தார். அந்தப் பெலத்தோடு 40 நாள் ஓரேப் மலைவரை நடந்தான். அங்கேதான் மெல்லிய சத்தத்தைக் கேட்டான். செய்யவேண்டிய ஊழியமும் கிடைத்தது. தூக்கம், சாப்பாடு, நடை, அதன்பின் வார்த்தை. இந்த வரிசையைக் கவனியுங்கள்!

2. பவுல் சொன்னது என்ன?

"உடற்பயிற்சியெல்லாம் மாம்சக் காரியம் பிரதர்" என்று சிலர் 1 தீமோத்தேயு 4:8-ஐக் காட்டுவார்கள். தேவபக்தியோடு ஒப்பிட்டால் அதன் பயன் கொஞ்சம் என்றுதான் பவுல் எழுதினார்; பயனே இல்லை என்று எழுதவில்லை. சரீரம் பரிசுத்த ஆவியானவர் தங்கும் ஆலயம் (1 கொரி. 6:19). சபைக் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கிற நாம் இந்த ஆலயத்தை மறக்கலாமா?

3. நாம் செய்யவேண்டியது

உடற்பயிற்சி மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைக்கிறது, நல்ல தூக்கம் தருகிறது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. தினம் 30 நிமிஷம், வாரம் 5 நாள் வேகமாக நடந்தால் 150 வந்துவிடும். பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் வேகத்துக்கு அளவு. ஆகவே பாட்டை வீட்டில் வைத்துக்கொண்டு, நடக்கும்போது ஜெபியுங்கள்.

லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா, தி.நகர் நடேசன் பூங்கா, எலியட்ஸ் பீச், எங்கு வசதியோ அங்கே நடங்கள். நேரமில்லாத தாய்மார்களுக்கு மொட்டைமாடி போதும். சர்க்கரை, இருதய வியாதி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு ஆரம்பியுங்கள். உபவாச நாளில் வேக நடை வேண்டாம்.

சோர்வு 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். 14416 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் பேசலாம். மருந்து எடுப்பது அவிசுவாசம் அல்ல. பவுலோடிருந்த லூக்காவும் வைத்தியன்தானே (கொலோ. 4:14)!

எம்மாவு வழியில் துக்கத்தோடு போன 2 சீஷர்களோடு இயேசுவும் சேர்ந்து நடந்தார். அவர்கள் மனதிலிருந்ததை முதலில் சொல்லவிட்டார் (லூக்கா 24). இந்த வாரம் சோர்ந்திருக்கிற ஒருவரை, "வாங்க, கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள்.

கர்த்தர் உங்கள் ஆவி, ஆத்துமா, சரீரம் மூன்றையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.