குளிர்பதனப் பெட்டியும் உறுதிச்சீட்டும்

வார்ப்படச்சாலைகள் மிக்க எம் கணபதியில் வேனில் வெம்மை பாட்டியாரை வாட்டவே, சென்ற ஆண்டு ஒரு குளிர்பதனப் பெட்டி வாங்கினோம். ‘பத்தாண்டு உறுதி’ என்றனர். எட்டாந் திங்களிலேயே குளிர்ச்சி நின்றது. செப்புக்குழாயின் மூட்டுவழி வாயு கசிந்துவிட்டதாம். உறுதிச்சீட்டை ஊன்றிப் படித்தபோதன்றோ உண்மை விளங்கிற்று! பத்தாண்டு என்பது கம்ப்ரஸர் ஒன்றிற்கே. வாயுவிற்கும் கூலிக்கும் அன்று. பூட்டியவர் பிழையெனக் கடைக்காரர் கைவிரித்தார். பூட்டியவரோ அவர் அனுப்பிய ஆளே!

நிற்க. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருட்குறையை மட்டுமன்றிப் பணிக்குறையையும் முறையீட்டிற்கு உரியதாக்குகின்றது. ஈராண்டுக்குள், நாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே, வழக்கறிஞரின்றியும் முறையிடலாம். கொடுத்த விலை 5 இலட்சத்துக்கு மேற்படாதாயின் கட்டணமுமில்லை. ஆயின் விலைச்சீட்டோடு, பூட்டியவர் ஒப்பமிட்ட தாளும் இருத்தல் நலம். அத்தாளை நாங்கள் கேட்டுப் பெற்றிலோம்.