நீரிழிவும் விழித்திரையும்: நூற்றுக்கு எத்தனை பேர்?

எறணாகுளம் மாவட்டத்தைச் சேர்ந்த களமசேரி தொழிற்சாலைகள் மிகுந்ததொரு நகரம். அங்குள்ள மருத்துவக் கல்லூரியைக் கேரள அரசு 2013-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. இத்தகைய பெரிய மருத்துவமனை ஒன்றின் கண் பிரிவில் அமர்ந்து, அங்கு வரும் நீரிழிவு நோயாளருள் விழித்திரை பழுதுற்றவர் எத்தனை பேர் என்று எண்ணுவது எளிது. ஆனால் அவ்வெண் ஊரின் நிலையைக் காட்டாது. பார்வை மங்கியவரும், பிற மருத்துவரால் அனுப்பப்பட்டவருமே அங்கு மிகுதியாக வருவர். நோய் முற்றாதவர் வீட்டிலேயே இருப்பர். உண்மை விகிதத்தை அறிய, நலமாயிருப்பதாக எண்ணுவோரையும் தெருத்தெருவாகச் சென்று பரிசோதித்தல் வேண்டும்.

விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் அமைந்த, ஒளியை உணரும் மெல்லிய படலம். குருதியில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருப்பின் அப்படலத்தின் நுண்ணிய குருதிக் குழாய்கள் நலிந்து, சிறு புடைப்புகள் தோன்றும். நீரும் குருதியும் கசியும். குழாய்கள் அடைபட்ட இடங்களில் உயிர்வளி குறையவே, புதிய குழாய்கள் முளைக்கின்றன. இவை வலுவற்றவை, எளிதில் உடைந்து கண்ணுக்குள் குருதி பெருகச் செய்வன. இவ்வளவும் நிகழும்பொழுது வலி இராது. பார்வையும் பல ஆண்டுகள் தெளிவாகவே இருக்கக்கூடும்.

சென்னையில் நிகழ்ந்த ஆய்வு ஒன்று இங்கே விரிவாகக் கருதத்தக்கது. நகரில் 20 வயதுக்கு மேற்பட்ட 26,001 பேரை முதலில் ஆராய்ந்து, அவர்களுள் நீரிழிவுடைய 1,715 பேரின் விழித்திரையைப் படமெடுத்தனர். 2005-இல் வெளியான முடிவின்படி நூற்றுக்கு 17.6 பேருக்கு விழித்திரை நோய் இருந்தது. நீரிழிவு உண்டென முன்னரே அறிந்தவருள் இது 20.8, அவ்வாய்வில்தான் முதன்முதலாக நீரிழிவு கண்டறியப்பட்டவருள் 5.1. இப்பின்னைய எண் சிறிதாயினும் நோக்கத்தக்கது. நீரிழிவு கண்டறியப்பட்ட அன்றே இருபதில் ஒருவருக்குக் கண் கெடத் தொடங்கிவிட்டது. அஃதாவது, நோய் பல ஆண்டுகள் அறியப்படாமலே உடலில் இருந்திருத்தல் வேண்டும். நீரிழிவு 15 ஆண்டுகளைக் கடந்தவருள் விகிதம் 41.8 ஆக உயர்ந்தது.

தமிழ் மக்களும் வாழும் பாலக்காட்டு மாவட்டத்தில் நடைபெற்று 2002-இல் வெளியான ஆய்வு நூற்றுக்கு 26.2 எனக் கூறுகிறது. இதனால் சென்னையினும் பாலக்காட்டில் நோய் கடுமை என முடிவு செய்தல் தவறாகும். பாலக்காட்டில் எண்ணப்பட்டவர் 50 வயதுக்கு மேற்பட்டவர்; தமக்கு நீரிழிவு உண்டெனத் தாமே கூறியவர். புதிதாகக் கண்டறியப்பட்டவர் அக்கணக்கில் சேரவில்லை. எவரை எண்ணினர் என்று கேளாமல் இரு விகிதங்களை ஒப்பிடுவது, பத்தாம் வகுப்பின் உயரத்தை ஐந்தாம் வகுப்பின் உயரத்தோடு ஒப்பிடுவது போன்றதே.

2022-இல் வெளியான அனைத்திந்திய ஆய்வு, 40 வயதுக்கு மேற்பட்ட நீரிழிவு நோயாளருள் நூற்றுக்கு 12.5 பேருக்கு இந்நோய் உண்டென்றும், 4 பேருக்குப் பார்வை போகும் அளவில் உள்ளதென்றும் காட்டியது. களப்பணியாளர் இதனைத் தம் ஊருக்குப் பொருத்திப் பார்க்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு, 2023-இல் வெளியானவாறு, கேரளத்தில் வளர்ந்தோருள் நூற்றுக்கு 25.5 பேர் நீரிழிவுடையவர் எனக் கண்டது. எனவே வளர்ந்தோர் ஆயிரவர் வாழும் ஊரில் நீரிழிவுடையோர் ஏறத்தாழ 255 பேர். விழித்திரை நோயுடையோர் 32 பேர். உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டியவர் 10 பேர். இது தோராயக் கணக்கே. வயது வரம்புகள் வேறுபடுவதால் சிறிது கூடலாம், குறையலாம். ஆயினும் அப்பதின்மர் யாவர் என்பதை அவர்களே அறியார் என்பதுதான் இடர்ப்பாடு.

“எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறதே” என்று மறுப்போரே பலர். எழுத்துப் பலகையைப் படிக்கச் செய்து இந்நோயைக் கண்டறிய இயலாது. விழித்திரையை நேரே நோக்குதலோ படமெடுத்தலோ வேண்டும். முதிர்ந்த வயதில் தோன்றும் நீரிழிவாயின், அது கண்டறியப்பட்டவுடனும், பின்னர் ஆண்டுக்கொருமுறையும் கண்ணைக் காட்ட வேண்டும். முன்பே நீரிழிவுடைய பெண் கருவுற்றால் தாமதியாமல் காட்ட வேண்டும். லேசர் மருத்துவம் எஞ்சிய பார்வையைக் காப்பதில் வல்லது. இழந்ததை மீட்பதில் அவ்வளவு வல்லதன்று.

2010-களின் இறுதியில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ‘நயனாமிருதம்’ என்னும் பெயரால் தொடங்கப்பெற்ற திட்டத்தில், குடும்ப நல மையங்களின் செவிலியரே கையடக்கக் கருவியால் விழித்திரையைப் படமெடுத்தனர். படங்கள் வேறிடத்தில் ஆராயப்பட்டன. நோயுடையவர் மட்டும் கண் மருத்துவரிடம் அனுப்பப்பட்டனர். சர்க்கரை மாத்திரை வாங்க வருகின்ற நாளிலேயே கண்ணும் பார்க்கப்படுவதால், நோயாளர் இதற்கென ஒரு நாட்கூலியை இழக்க வேண்டுவதில்லை.